தீவுகளின் வாசல் வழியே போகும் கப்பல்

1995 பிப்ரவரி 23 அன்று பிரான்ஸின் ஷெர்பூர் துறைமுகத்திலிருந்து 'பசிபிக் பின்டெய்ல்' என்ற கப்பல் கிளம்பியது. உள்ளே 28 எஃகு உருளைகள். ஜப்பானிய அணுவுலைகளில் எரிந்து தீர்ந்த எரிபொருளை பிரான்ஸில் அமிலத்தில் கரைத்து, யுரேனியத்தையும் புளுட்டோனியத்தையும் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சிய கழிவு அது. கண்ணாடியோடு சேர்த்து உருக்கி அந்த உருளைகளில் ஊற்றியிருந்தார்கள். ஒப்பந்தப்படி கழிவு அதன் சொந்தக்காரருக்கே திரும்பிப் போக வேண்டும். கப்பல் தென் அமெரிக்காவின் தென்கோடியான ஹார்ன் முனையைச் சுற்றப் போனபோது, 200 கடல்மைலுக்கு வெளியே போ என்று சிலி கடற்படை விரட்டியது. இரண்டு மாதம் கடலில் கழித்து, ஏப்ரல் 25 அன்று ஜப்பானின் அவோமோரி மாநிலத்து முட்சு-ஒகவாரா துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. அங்கேயும் உள்ளே விடவில்லை. "எங்கள் மாநிலம் இந்தக் கழிவுக்கு நிரந்தரக் கிடங்கு ஆகாது என்று எழுதிக் கொடுங்கள், பிறகு பார்க்கலாம்" என்பது ஆளுநர் கிமுராவின் நிலை. மத்திய அரசு எழுத்தில் உறுதி தந்தது. மறுநாள்தான் கப்பல் கரை தொட்டது.

அணுக்கழிவுக் கப்பல்கள் பற்றிய வாதங்களில் இந்த ஒருநாள் காத்திருப்பை அதிகம் பேர் பேசுவதில்லை. என் பார்வையில் விஷயத்தின் முடிச்சே அதில்தான் இருக்கிறது. அந்த மின்சாரத்தை அனுபவித்த நாட்டின் ஒரு மாநிலத்துக்குத் துறைமுகத்தை ஒருநாள் மூடி வைத்துப் பேரம் பேச முடிந்தது. வழியில் இருக்கும் தீவு நாடுகள் அந்த மின்சாரத்தில் ஒரு விளக்கு கூட எரித்ததில்லை. அவற்றுக்கு ஒருமணி நேரம் நிறுத்திக் கேள்வி கேட்கவும் சட்டத்தில் இடமில்லை.

முதலில் வழிகள். ஐரோப்பாவிலிருந்து ஜப்பானுக்கு மூன்று பாதைகள் உண்டு. ஒன்று, அட்லாண்டிக்கைக் கடந்து, டொமினிக்கன் குடியரசுக்கும் போர்ட்டோ ரிக்கோவுக்கும் இடையிலுள்ள மோனா நீரிணை வழியாக கரீபியனுக்குள் நுழைந்து பனாமா கால்வாய். இரண்டு, ஹார்ன் முனை. மூன்று, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே ஓடி, டாஸ்மன் கடல் வழியாக தென்மேற்கு பசிபிக் தீவுகளுக்கு நடுவே வடக்கே ஏறுவது. பனாமா பாதைதான் குட்டை. ஆனால் போக்குவரத்து நெரிசலும் அங்கேதான். ஹார்ன் முனையில் நெரிசல் இல்லை, அலை உண்டு. மூன்றாவது நீளம், அதோடு கிட்டத்தட்ட முழுக்கத் தீவுகளின் மீன்பிடிக் கடல்.

1992 நவம்பரில் சுமார் ஒன்றரை டன் புளுட்டோனியத்தோடு 'அகாட்சுகி மாரு' கிளம்பியபோது மலாக்கா நீரிணைக் கரை நாடுகள் எதிர்த்தன. அந்தப் பக்கமே வராமல், நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, தெற்கே பெரிய வளைவு போட்டு, 1993 ஜனவரி 5 அன்று ஜப்பானின் டோக்காய் போய்ச் சேர்ந்தது. நீரிணைக்காரர்களின் எதிர்ப்பு வென்றது என்று இதைச் சொல்லலாம். அந்த வெற்றியின் விலை, கப்பல் வேறொருவர் கடலுக்குத் தள்ளப்பட்டதுதான். கரீபியன் கூட்டமைப்பு நாடுகள் பனாமா பாதையை எதிர்த்துத் தொடர்ந்து அறிக்கை விடுகின்றன. அவை ஜெயித்தால் கப்பல் பிஜி பக்கம் போகும். பிஜி ஜெயித்தால் ஹார்ன் முனை. "எங்கள் கடலில் வேண்டாம்" என்பதோடு நிற்கும் எதிர்ப்பில் இந்த ஓட்டை எப்போதும் இருக்கும்.

இனி சரக்கு. இந்தப் பாதைகளில் மூன்று வகைச் சரக்கு போயிருக்கிறது. மூன்றையும் 'அணுக்கழிவு' என்ற ஒரே சொல்லில் போட்டுக் குழப்புவது எதிர்ப்பாளர்கள் அடிக்கடி செய்யும் தவறு. அந்தத் தவறைப் பிடித்துக்கொண்டே எதிர்த்தரப்பு முழு வாதத்தையும் தள்ளிவிடும்.

பயன்படுத்திய எரிபொருள், 1969 முதல் ஜப்பானிலிருந்து ஐரோப்பாவுக்குப் போனது. சுமார் 7,000 டன். உலைக்குள் எரிந்த கம்பிகள் அப்படியே போகும். சீசியம் போன்ற, சூட்டில் ஆவியாகக்கூடியவை அதில் உண்டு. கண்ணாடியாக்கிய கழிவு, திரும்பி வருவது. பிரான்ஸிலிருந்து மட்டும் 1995 முதல் 2007 வரை 12 பயணங்களில் 1,310 உருளைகள் வந்தன. பிரிட்டனிலிருந்து திரும்பும் வரிசை 2010-இல் 28 உருளைகளோடு பனாமா வழியாகத் தொடங்கியது. மூன்றாவது மாக்ஸ் எரிபொருள். பிரித்த புளுட்டோனியத்தை யுரேனியத்தோடு கலந்து செய்த புது எரிபொருள். இது கழிவு அல்ல என்று அனுப்புகிறவர்கள் சொல்வது சொல்லளவில் சரிதான். ஆனால் திருடுபோனால் அணுகுண்டாகக்கூடும் என்ற பாதுகாப்புக் கண்ணோட்டத்தில் மூன்றிலும் தலைவலி இதுதான். அதனால்தான் 1999-இல் மாக்ஸ் ஏற்றிய 'பசிபிக் பின்டெய்ல்', 'பசிபிக் டீல்' இரண்டும் 30 மில்லிமீட்டர் பீரங்கிகளோடு ஒன்றுக்கொன்று காவலாகப் போயின.

கண்ணாடி உருளை ஒன்றின் உயரம் 1.34 மீட்டர், விட்டம் 43 சென்டிமீட்டர், எடை சுமார் அரை டன். அதில் கண்ணாடி மட்டும் 400 கிலோ. தானாகவே 2 கிலோவாட் வரை சூட்டை உமிழும். மறைப்பு இல்லாமல் பக்கத்தில் நின்றால் சாவுக்கு ஒரு நிமிடம் போதும். இத்தகைய 20 முதல் 28 உருளைகளை ஒரு பெட்டகத்தில் அடுக்குவார்கள். தடித்த எஃகுச் சுவர், அதைச் சுற்றி நியூட்ரானைத் தடுக்கும் பிசின் அடுக்கு, இரு முனையிலும் மோதலைத் தாங்கும் மரம் பொதிந்த மெத்தைகள். ஏற்றியபின் பெட்டகத்தின் எடை 100 டன்னுக்கு மேல். இந்த எடையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்தப் பெட்டகங்களுக்கு சர்வதேச அணுசக்தி முகமை வைத்திருக்கும் சோதனைகள் பெயர்போனவை. வளையாத தளத்தின் மேல் 9 மீட்டர் உயரத்திலிருந்து விழ வேண்டும். 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள எஃகுத் தண்டின் மேல் 1 மீட்டரிலிருந்து விழ வேண்டும். 800 டிகிரி செல்சியஸ் நெருப்பில் 30 நிமிடம் நிற்க வேண்டும். 15 மீட்டர் ஆழ நீரில் 8 மணி நேரம். அதிகக் கதிரியக்கம் கொண்டவை என்றால் 200 மீட்டர் ஆழத்தின் அழுத்தத்தை ஒரு மணி நேரம் தாங்க வேண்டும்.

9 மீட்டர் என்று கேட்டதும் "கப்பல் கிரேன் அதைவிட உயரமாச்சே" என்று கேட்பவர்கள் உண்டு. அது நல்ல கேள்வி அல்ல. வளையாத தளத்தின் மேல் 9 மீட்டர் விழுவது, நிஜத்தில் நொறுங்கிக் கொடுக்கும் கப்பல் தளத்தின் மேல் பல மடங்கு உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். மோதல் சோதனை கடுமையானதுதான், அதில் குறை சொல்ல அதிகம் இல்லை. கேட்க வேண்டிய இடம் நெருப்பு.

பெட்டகம் நெருப்பில் உருகாது. பலவீனம் மூடியில் இருக்கிறது. மூடிக்கும் உடலுக்கும் நடுவே பல வடிவமைப்புகளில் இருப்பது ரப்பர் வகை வளையம். எஃகு ஆயிரம் டிகிரியைப் பார்க்கும். வளையம் 200 டிகிரிக்குச் சற்று மேலேயே சில மணி நேரத்தில் இறுகி, விரிசல் விட்டு, இறுக்கத்தை இழக்கத் தொடங்கும். 30 நிமிடச் சோதனையில் பெட்டகம் தேறுவதற்கு அதன் நிறையே காரணம். நூறு டன் எஃகு மெதுவாகத்தான் சூடேறும். வளையம் இருக்கும் இடம்வரை சூடு போய்ச் சேர்வதற்குள் நெருப்பு அணைந்துவிடும். ஆகவே பெட்டகத்துக்கு ஆபத்து நெருப்பின் உக்கிரத்தைவிட அதன் நீளத்தில்தான். 800 டிகிரியில் அரைமணி நேரம் தாங்கியது, 500 டிகிரியில் பத்து மணி நேரம் தாங்கும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. கப்பல் நெருப்புகள் அரைமணியில் அணைபவை அல்ல. கொழும்புக்கு வெளியே 2021 மே 20 அன்று தீப்பிடித்த 'எக்ஸ்-பிரஸ் பேர்ல்' ஏறக்குறைய இரண்டு வாரம் எரிந்தது.

நேர்மையாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 'எக்ஸ்-பிரஸ் பேர்ல்' கன்டெய்னர் கப்பல். அதில் எரிவதற்கு ஆயிரம் பொருள் இருந்தது. அணுக்கழிவுக்கென்றே கட்டிய கப்பல்களில் சரக்கறையில் எரிய அதிகம் ஒன்றுமில்லை. இரட்டை உடல், இரண்டு என்ஜின், இரண்டு சுழலி, அறைகளைக் கடல்நீரால் நிரப்பிக் குளிர்விக்கும் ஏற்பாடு எல்லாம் உண்டு. 2001 ஜனவரி 1 முதல் கட்டாயமான சர்வதேசக் கடல்சார் அமைப்பின் விதித்தொகுப்பு, சரக்கறையின் சராசரி வெப்பம் 55 டிகிரியைத் தாண்டக் கூடாது என்கிறது. கப்பல் சேதமடைந்தாலும் மிதக்க வேண்டிய அளவையும் வரையறுக்கிறது. இந்தக் கப்பல்களில் இன்றுவரை கதிரியக்கம் கசிந்த விபத்து ஒன்றுகூட இல்லை. இதை மறைத்து எழுதுகிற எதிர்ப்புக் கட்டுரைகள் தீவுகளுக்கு உதவுவதில்லை. கண்ணாடிக் கழிவு ஆழ்கடலில் மூழ்கினாலும் உடனே கரைந்து பரவாது. மூன்றில் கையாள எளிதானது அதுதான்.

எனவே கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். பெட்டகத்தைச் சோதித்தாகிவிட்டது. கப்பலை ஓரளவு சோதித்தாகிவிட்டது. கரையிலிருக்கும் தீவைச் சோதித்தது யார்?

எல்லாக் கப்பலும் சிறப்புக் கப்பல் இல்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 1984 ஆகஸ்ட் 25 அன்று பிரெஞ்சுச் சரக்குக் கப்பல் 'மோன் லூயி' பெல்ஜியத்தின் ஆஸ்டெண்ட் கரைக்கு வெளியே ஒரு பயணிகள் கப்பலோடு மோதி மூழ்கியது. உள்ளே 30 உருளைகளில் யுரேனியம் ஹெக்ஸாஃப்ளோரைடு, அதாவது யுரேனியத்தைச் செறிவூட்டப் பயன்படும் சேர்மம். ஆழம் வெறும் 15 மீட்டர் அளவு. உலகின் தலைசிறந்த மீட்பு நிறுவனங்கள் பக்கத்திலேயே இருந்தன. அப்படியும் எல்லா உருளையையும் எடுக்க 40 நாள் ஆனது. 1997 நவம்பரில் அசோர்ஸ் தீவுகள் அருகே 'எம்.எஸ்.சி. கார்லா' புயலில் இரண்டாக உடைந்தது. கதிரியக்கப் பொருளான சீசியம்-137 இருந்த பாகம் சுமார் 3,000 மீட்டர் ஆழத்துக்குப் போனது; அங்கேயே கிடக்கிறது. 2013 மே 1 அன்று ஹாம்பர்க் துறைமுகத்தில் 'அட்லாண்டிக் கார்ட்டியர்' தீப்பிடித்தபோது, எத்தனால், வெடிபொருள் ஆகியவற்றோடு சுமார் 9 டன் யுரேனியம் ஹெக்ஸாஃப்ளோரைடும் அதே கப்பலில் இருந்தது. தீயணைப்புப் படையினர் அந்தக் கன்டெய்னர்களை எரியும் கப்பலிலிருந்து இறக்கினார்கள். ஹாம்பர்க் என்பதால் முடிந்தது.

ஹாம்பர்க்காக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மொரீஷியஸைப் பார்க்க வேண்டும். 2020 ஜூலை 25 அன்று 'வகாஷியோ' என்ற பெரிய சரக்குக் கப்பல் அங்கே பவளத்திட்டில் ஏறி நின்றது. கைப்பேசி சிக்னலுக்காகக் கரையை ஒட்டி வந்தார்கள் என்பது விசாரணையில் வெளிவந்தது. எந்த விதித்தொகுப்பும் அதை எதிர்பார்த்திருக்காது. எண்ணெய் கசியத் தொடங்கியது ஆகஸ்ட் 6 அன்று. நடுவில் 12 நாள். அந்த 12 நாளில் கப்பலை இழுக்கவோ, எண்ணெயை உறிஞ்சி எடுக்கவோ போதிய இழுவைக் கப்பலும் கருவியும் தீவில் இல்லை. மக்கள் கரும்புச் சோகையைத் துணியில் அடைத்து மிதவைத் தடுப்பு செய்தார்கள். சுமார் 1,000 டன் எண்ணெய் கடலில் கலந்தது.

இப்போது அந்த 100 டன் பெட்டகத்தை நினைத்துப் பாருங்கள். பவளத்திட்டில் கப்பல் சாய்ந்து, பெட்டகம் 40 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கசிவே இல்லை. அதை எடுக்கப் பாரந்தூக்கி மிதவைக் கப்பல் வேண்டும், அதை நிலையாக நிறுத்த இழுவைக் கப்பல்கள் வேண்டும், கதிர்வீச்சு அளக்கத் தெரிந்த மூழ்குநர்கள் வேண்டும், சூறாவளிப் பருவமாக இல்லாமல் இருக்க வேண்டும். நடு பசிபிக்கில் எந்தத் தீவிடமும் இவை இல்லை. சிங்கப்பூரிலிருந்தோ ஆஸ்திரேலியாவிலிருந்தோ வருவதற்கே வாரக்கணக்கில் ஆகும். கரை நாடுகளின் கோபத்தைத் தவிர்க்க 200 கடல்மைலுக்கு வெளியே போனால் இந்தத் தொலைவு இன்னும் கூடும். தீவிலிருந்து விலகிப் போவது தீவுக்கு நல்லது. உதவியிலிருந்து விலகுவது கப்பலுக்குக் கெட்டது. இரண்டும் ஒன்றோடொன்று மோதுகின்றன. இதற்கு ஒரு நடைமுறைத் தீர்வு உண்டு: பயணம் முழுக்க மீட்புக் கப்பல் ஒன்று கூடவே போவது. ஆயுதக் காவலுக்குச் செலவழிக்க முடிந்தவர்களுக்கு இது முடியாத காரியம் அல்ல.

அடுத்தது அடைக்கலம். 'எக்ஸ்-பிரஸ் பேர்ல்' தீப்பிடிப்பதற்குச் சில நாள் முன்பே அதன் ஒரு கன்டெய்னரில் நைட்ரிக் அமிலம் கசிவது தெரிந்துவிட்டது. கத்தாரின் ஹமாத் துறைமுகமும் இந்தியாவின் ஹசீராவும் அதை இறக்க முன்வரவில்லை. கப்பல் கசிந்துகொண்டே கொழும்புக்கு வந்தது. இலங்கை மீனவர்கள் விலை கொடுத்தார்கள். ஆபத்திலுள்ள கப்பலுக்கு அடைக்கலம் தரச் சொல்லும் சர்வதேச வழிகாட்டுதல் 2003-இலிருந்தே இருக்கிறது. அது வழிகாட்டுதல் மட்டுமே, யாரையும் கட்டாயப்படுத்தாது. அமிலத்துக்கே கதவு சாத்தினார்கள் என்றால், கதிரியக்கக் கழிவோடு தள்ளாடி வரும் கப்பலுக்கு எந்தத் துறைமுகம் திறக்கும்? நன்றாக இருந்த கப்பலுக்கே அவோமோரி ஒருநாள் திறக்கவில்லை.

சட்டத்துக்கு வருவோம். வேறொரு நாட்டின் கடலோர 12 கடல்மைலுக்குள் கூட, தீங்கு செய்யாமல் கடந்துபோகும் உரிமை எல்லாக் கப்பலுக்கும் உண்டு என்கிறது ஐக்கிய நாடுகள் கடல்சட்ட உடன்படிக்கை. அணுப்பொருள் ஏற்றிய கப்பல் ஆவணம் வைத்திருக்க வேண்டும், சிறப்பு முன்னெச்சரிக்கை எடுக்க வேண்டும் என்று 23ஆம் பிரிவு சொல்கிறது. அனுமதி வாங்க வேண்டும் என்று சொல்லவில்லை. இதே உடன்படிக்கையின் 206ஆம் பிரிவு, கடலுக்குக் கணிசமான கேடு வரலாம் என்று கருத நியாயமான காரணம் இருந்தால் முன்கூட்டியே மதிப்பீடு செய்து அறிக்கை தர வேண்டும் என்கிறது. தீவுகள் பிடித்துத் தொங்க வேண்டிய கிளை இந்த 206தான்.

அபாயக் கழிவுகளுக்கான 1989ஆம் ஆண்டு பாசெல் உடன்படிக்கையில் ஒரு முரண் இருக்கிறது. வேதிக்கழிவு ஒரு நாட்டின் வழியாகப் போனால் அந்த நாட்டுக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கதிரியக்கக் கழிவுக்கு வேறு சர்வதேசக் கட்டுப்பாடு இருக்கிறது என்று சொல்லி அதை பாசெலிலிருந்து வெளியே வைத்துவிட்டார்கள். அந்த 'வேறு கட்டுப்பாடு', அதாவது பயன்படுத்திய எரிபொருள், கதிரியக்கக் கழிவு ஆகியவற்றின் பாதுகாப்புக்கான 1997ஆம் ஆண்டின் கூட்டு உடன்படிக்கை, கப்பல்களின் கடப்புரிமை பாதிக்கப்படாது என்று தெளிவாக எழுதி வைத்திருக்கிறது. பழைய பெயின்ட் டப்பாவுக்கு இருக்கும் மரியாதை இதற்கு இல்லை.

பசிபிக் தீவுகள் சும்மா இருக்கவில்லை. 1985 ரரோடோங்கா ஒப்பந்தம் தென் பசிபிக்கை அணுவாயுதமற்ற மண்டலம் ஆக்கியது, கடலில் கழிவு கொட்டுவதையும் தடுத்தது. 1995 வைகானி உடன்படிக்கை அந்தத் தீவு நாடுகளுக்குள் கதிரியக்கக் கழிவை இறக்குமதி செய்வதைத் தடுத்தது. கொட்டக் கூடாது, இறக்கக் கூடாது. கடந்து போகலாம். அந்த மூன்றாவது வினைச்சொல்லை யாராலும் அடைக்க முடியவில்லை.

கழிவு தீவிலேயே இறங்க வேண்டும் என்றிருந்தால் எதிர்ப்புக்கு ஒரு பிடி கிடைக்கும். தைவானின் லான்யு தீவில் அது நடந்தது. 1982 முதல் அங்கே குறைந்த வீரியக் கழிவுப் பீப்பாய்களைக் கப்பலில் கொண்டுவந்து அடுக்கினார்கள், ஒரு லட்சத்துக்கு நெருக்கமாக. அந்தத் தீவின் தாவோ மக்கள், மீன் பதனிடும் ஆலை வரப்போகிறது என்று நம்பியிருந்தார்கள். 1988 பிப்ரவரியில் பெரிய போராட்டம். 1996 ஏப்ரலில் கழிவுக் கப்பல் வந்தபோது துறைமுகத்தில் பாறைகளைப் போட்டு அடைத்தார்கள். கப்பல் திரும்பிப் போனது. புதிதாகப் பீப்பாய் வருவது அத்தோடு நின்றது. ஏற்கெனவே வந்தவை இன்னும் அங்கேதான். 2019-இல் அரசு அறிவித்த 255 கோடி தைவான் டாலர் இழப்பீட்டைத் தாவோ மக்கள் ஏற்கவில்லை. பீப்பாயை எடுங்கள் என்கிறார்கள். ஆனால் கடந்து மட்டும் போகும் கப்பலுக்கு எந்தத் துறைமுகத்தில் பாறை போடுவது? டாஸ்மன் கடலில் 2001, 2002-இல் சிறு பாய்மரப் படகுகள் வரிசையாகப் போய் நின்று எதிர்ப்புக் காட்டின. கப்பல் போய்க்கொண்டே இருந்தது.

அந்த 2002 பயணத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1999-இல் ஜப்பானின் டகஹாமா அணுமின் நிலையத்துக்குப் போன 8 மாக்ஸ் எரிபொருள் தொகுதிகளின் தர ஆவணங்கள் போலி என்று தெரியவந்தது. பிரிட்டனின் செல்லாஃபீல்ட் ஆலையில் எரிபொருள் வில்லைகளின் விட்டத்தை அளந்து எழுத வேண்டிய ஊழியர்கள், பழைய எண்களையே நகலெடுத்துப் போட்டிருந்தார்கள். ஜப்பான் ஏற்க மறுத்தது. 255 கிலோ புளுட்டோனியம் கொண்ட அந்தத் தொகுதிகள் அதே உலகப் பாதையில் திரும்பிப் போயின. ஒரு சோம்பேறித்தனத்துக்காக, தீவுகளின் வாசலில் இன்னொரு தேவையற்ற பயணம். 'எங்கள் பாதுகாப்பு ஆவணங்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன' என்று யாராவது சொல்லும்போது இது நினைவுக்கு வருவதில் தப்பில்லை.

இழப்பீட்டில்தான் மிகப் பெரிய பள்ளம். பசிபிக் தீவு நாடான கிரிபாட்டி அரசின் வருவாயில் பாதிக்கு மேல் வெளிநாட்டுக் கப்பல்கள் சூரை மீன் பிடிக்கக் கட்டும் உரிமத் தொகை. அந்தக் கடலில் ஒரு விபத்து, கசிவு இல்லை, ஆனால் செய்தி பரவுகிறது. வாங்குபவர் ஒப்பந்தத்தை நிறுத்துகிறார். இது கற்பனைப் பயம் அல்ல. 2013-இல் தென் கொரியா ஃபுகுஷிமாவைச் சுற்றிய 8 மாநிலங்களின் கடலுணவை முழுக்கத் தடை செய்தது. ஜப்பான் உலக வணிக அமைப்புக்குப் போய், 2019-இல் மேல்முறையீட்டில் தோற்றது. 2023 ஆகஸ்டில் சீனா ஜப்பானியக் கடலுணவு மொத்தத்தையும் நிறுத்தியது. ஜப்பானிடம் நூற்றுக்கணக்கான ஆய்வகங்களும் தினசரி அளவீடுகளும் இருந்தும் இந்தக் கதி. ஒரு ஆய்வகம்கூட இல்லாத தீவு தன் மீன் சுத்தம் என்று எதைக் காட்டி நிரூபிக்கும்?

அணுவிபத்து இழப்பீட்டுக்கான பாரிஸ் உடன்படிக்கையின் திருத்தம் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. அணுவுலையே இல்லாத, உறுப்பினரல்லாத நாட்டில் ஏற்படும் சேதத்தையும் அது உள்ளடக்குகிறது. பழைய நிலையோடு பார்த்தால் இது பெரிய முன்னேற்றம். ஆனால் வழக்கை அணுவுலைக்காரரின் நாட்டு நீதிமன்றத்தில்தான் போட வேண்டியிருக்கும். மீனவரின் வருமான இழப்பைக் கேட்க வேண்டுமென்றால் கடலுக்குக் கணிசமான கேடு வந்ததாகக் காட்ட வேண்டும். வதந்தியால் வந்த நஷ்டம் அதில் சேராது. பசிபிக் தீவுகள் மன்றம் பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பக் கேட்பது இந்த ஒன்றைத்தான்: சுற்றுச்சூழல் சேதம் இல்லாவிட்டாலும், விபத்தால் சுற்றுலாவுக்கும் மீன்வளத்துக்கும் வரும் நிஜமான பொருளாதார இழப்புக்கு ஈடு. கப்பல் அனுப்பும் நாடுகள் இதற்கு இன்னும் தலையாட்டவில்லை. அவர்கள் சொல்வதுபோல் விபத்தே நடக்காது என்றால், இந்த உறுதியைக் கொடுப்பதில் அவர்களுக்கு ஒரு பைசாவும் செலவாகாதே.

வழி மாற்றச் சொல்வதைவிட, பயணங்களின் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்வது பயன் தரும். அது நடக்கக்கூடியது என்பதற்கு ஆதாரம் உண்டு. பிரிட்டன் 2004-இல் ஒரு முடிவெடுத்தது: கன அளவில் பெரிய நடுத்தர வீரியக் கழிவைத் திருப்பி அனுப்பாமல், அதற்கு ஈடான கதிரியக்கம் கொண்ட சிறிதளவு கண்ணாடிக் கழிவைக் கூடுதலாக அனுப்புவது. கணக்கை நேர் செய்யும் ஒரு காகித வேலை பல கப்பல் பயணங்களை இல்லாமல் செய்தது. பயன்படுத்திய எரிபொருளைக் கரைத்துப் பிரிக்காமல், உலை வளாகத்திலேயே உலர்ந்த பெட்டகங்களில் வைத்திருந்தால் இந்தப் பயணங்களே தேவைப்பட்டிருக்காது. தீவுகளின் பிரதிநிதிகள் கப்பலின் பாதையைப் பற்றிப் பேசும் நேரத்தில் பாதியை எரிபொருளைப் பிரிக்கும் இந்த ஒப்பந்தங்களுக்குச் செலவிடலாம்.

அதுவரைக்கும் தீவுகள் தாங்களே செய்துகொள்ளக்கூடிய, யாருடைய அனுமதியும் தேவைப்படாத வேலை ஒன்று உண்டு: இப்போதைய நிலையை அளந்து வைப்பது. விபத்துக்குப் பிறகு எடுத்த எண்ணுக்கு, முன்பு எடுத்த எண் பக்கத்தில் இல்லாவிட்டால் மதிப்பே இல்லை. மார்ஷல் தீவுகளில் 1946 முதல் 1958 வரை 67 அணுகுண்டுச் சோதனைகள் நடந்தன. அங்கே கடலடி மண்ணில் புளுட்டோனியம் கண்டால் அது பழசு என்று கையை விரிப்பது எளிது.

இதில் முதலில் நடக்கும் தவறு, கதிர்வீச்சை எண்ணும் கையடக்கக் கெய்கர் கருவியைக் கடலோரத்தில் நீட்டிப் படம் எடுத்துப் போடுவது. கடல்நீரில் இயற்கையாகவே பொட்டாசியம்-40 ஒரு கன மீட்டருக்குச் சுமார் 12,000 பெக்கரல் இருக்கிறது (நொடிக்கு ஒரு அணு சிதைந்தால் ஒரு பெக்கரல்). திறந்த பசிபிக்கில் சீசியம்-137 ஒன்றிரண்டு பெக்கரல். அது பத்து மடங்கானாலும் கெய்கருக்குத் தெரியாது. சரியான முறை இது: 20 லிட்டருக்குக் குறையாமல் கடல்நீர் எடுத்து, வடிகட்டி, சீசியம் குடுவைச் சுவரில் ஒட்டாமலிருக்க உடனே நைட்ரிக் அமிலம் சேர்க்க வேண்டும். ஆய்வகத்தில் அம்மோனியம் பாஸ்போமாலிப்டேட் என்ற வேதிப்பொருளைப் போட்டால் அது சீசியத்தைப் பிடித்துக்கொண்டு அடியில் படியும். படிவை உலர்த்தி, ஜெர்மானியம் காமா அளவியில் ஒருநாள் அல்லது அதற்கு மேல் வைத்து சீசியம்-137-ஐக் காட்டிக்கொடுக்கும் 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கோட்டைப் படிக்க வேண்டும். ஆய்வகம் தீவில் இருக்க வேண்டியதில்லை; அமிலம் சேர்த்த குடுவை கப்பலில் போகலாம்.

மீனில் பலரும் சூரையைத்தான் எடுக்கிறார்கள், ஏற்றுமதி அதுதானே என்று. சூரை ஓரிடத்தில் நிற்பதில்லை. இன்று பிடித்தது போன மாதம் எங்கே மேய்ந்தது என்று யாருக்கும் தெரியாது. சந்தைக்குச் சான்று கொடுக்க அது வேண்டும். இடத்தைப் பற்றிச் சாட்சி சொல்ல அது உதவாது. அதற்குப் பவளத்திட்டை விட்டு நகராத கிளிமீன், ராட்சதச் சிப்பி, கடற்பாசி, திட்டின் உள்பக்க மண் ஆகியவை வேண்டும். தசையை மட்டும் ஒன்றிரண்டு கிலோ எடுத்து உலர்த்தி, சாம்பலாக்கும்போது 450 டிகிரியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் சீசியம் ஆவியாகிப் போய், மீன் நிஜத்தைவிடச் சுத்தமாகத் தெரியும்.

மண்ணில் புளுட்டோனியம்-240க்கும் 239க்கும் உள்ள விகிதத்தை, அணுக்களை எடைவாரியாகப் பிரித்து எண்ணும் நிறை நிறமாலைமானியில் பார்த்து வைப்பது பெரிய பாதுகாப்பு. உலகம் முழுக்கப் பரவிய குண்டுச் சோதனைத் தூசியில் அது 0.18 அளவில் இருக்கும். மார்ஷல் தீவுகளின் பிகினிச் சோதனைகளின் எச்சத்தில் 0.3 பக்கம், அணுவுலையிலிருந்து வந்ததில் பொதுவாக 0.4க்கு மேல். பழசா புதுசா என்ற சண்டைக்கு இந்த ஒரு எண் முடிவு கட்டிவிடும்.

ஒவ்வொரு மாதிரியிலும் பாதியைச் செலவழிக்காமல் வைக்க வேண்டும். மீனையும் பாசியையும் மைனஸ் 20 டிகிரியில், மண்ணை உலர்த்தி மூடிய டப்பாவில். மேலே இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, ஆழம், தேதி, எடுத்தவர் கையெழுத்து, சாட்சி கையெழுத்து. தீவில் ஒரு டப்பா, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இன்னொரு டப்பா. சூறாவளியில் மின்சாரம் போனால் தீவிலுள்ள உறைபெட்டி முதலில் கெடும், அதனால்தான் இரண்டாவது.